பின்வாசல், இரண்டாம் பதிப்பு

ஜனவரி 9

அண்ணாவுக்கு,

இங்கே மூவரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி படி ஏறும்போது மட்டும் வருகிறது, இறங்கும்போது வருவதில்லையாம். நீ எந்தக் கடலில் இருந்தாலும் தலை சுற்றாமல், வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

உன் போன் கடலில் விழுந்துவிட்டதாக எழுதியிருந்தாயே, அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "போன் விழுந்துச்சு, சரி. இவன் விழாம இருந்தானே, அதுவே பெருசு" என்றார். மறுநாளே டிப்போ முழுக்கச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. அவர் கண்டக்டராகப் போகும் பஸ்ஸை ஓட்டும் டிரைவர் மாமா இப்போது என்னைப் பார்க்கும்போதெல்லாம், "உங்கண்ணன் நம்பருக்குப் போட்டா மீன் எடுக்குமா?" என்று கேட்கிறார். உன் கப்பலின் படத்தை அப்பா டிக்கெட் பையின் மூடிக்குள் ஒட்டி வைத்திருக்கிறார். சில்லறை எடுக்கும்போதெல்லாம் பயணிகளுக்குத் தெரிய வேண்டுமாம்.

கண்ணாடிக் கடை வேலை அப்படியே போகிறது. முதலாளி என்னை "டிகிரி" என்றுதான் கூப்பிடுகிறார். "டிகிரி, அந்த ஃபிரேமைத் துடைச்சு வை." வருகிறவர்களின் இரண்டு கருவிழிகளுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அளப்பது என் வேலை. அளக்கும்போது அவர்கள் அசையாமல் என் நெற்றியைப் பார்க்க வேண்டும். முன்பின் தெரியாதவர் முகம் அவ்வளவு பக்கத்தில் இருப்பது எனக்கு இன்னும் பழகவில்லை.

ஒரு புது விஷயம். இணையத்தில் ஒரு கூட்டத்தில் சேர்ந்திருக்கிறேன். வேலை நேரம் போக மீதி நேரத்தில் கம்ப்யூட்டரில் ஆடும் சாகச விளையாட்டுகளை உருவாக்குகிறவர்கள். துப்பாக்கி, ஓட்டம் எதுவும் கிடையாது, எல்லாம் எழுத்துதான். "நீ ஓர் அறையில் இருக்கிறாய். மேஜைமேல் விளக்கு இருக்கிறது" என்று திரையில் வரும். விளையாடுகிறவர் "விளக்கை எடு" என்று தட்டினால், "எடுத்துவிட்டாய்" என்று பதில் வரும். அப்படியே கதை நகரும். இரண்டு மாதம் ஒதுங்கி நின்று மற்றவர்கள் பேசுவதைப் படித்துக்கொண்டிருந்தேன். போன வாரம்தான் "வணக்கம்" என்று ஒரு வார்த்தை எழுதினேன். எழுதிவிட்டுக் கம்ப்யூட்டரை மூடிவிட்டேன். திறந்து பார்த்தால் பதினோரு பேர் வணக்கம் சொல்லியிருக்கிறார்கள். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் இல்லை. நான் "கண்ணாடிக்காரி".

கப்பலில் உங்களுக்கு இணையம் தரமாட்டார்கள் என்று தெரியும். இருந்தாலும் தளத்தின் முகவரியைக் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறேன். கரைக்கு வரும்போது பார்.

எப்போது வருவாய் என்று அம்மா கேட்கச் சொன்னார். நானும் கேட்கிறேன்.

உன் தங்கை


பிப்ரவரி 20

குட்டிக்கு,

உன் கடிதம் கப்பல் ஏஜெண்ட் ஆபீஸ் வழியாகச் சுற்றிச் சுற்றி வந்து சேர்ந்தது. நான் நலம். அம்மாவை ஏறாமல் இறங்கிக்கொண்டே இருக்கச் சொல். டிரைவர் மாமாவிடம், மீன் எடுக்கும் ஆனால் திரும்பக் கூப்பிடாது என்று சொல்.

இங்கே தண்ணீர், தண்ணீர், தண்ணீர்தான். எழுத வேறொன்றும் இல்லை. முதுகு வலிக்கிறது, தூக்கம் நன்றாக வருகிறது.

உன் விளையாட்டைப் பற்றி எழுது. எந்த வீடு, எந்த அறை, என்ன செய்ய வேண்டும், எல்லாம் எழுது. சின்ன வயதில் நீ பீரோவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு யார் தேடினாலும் வெளியே வராமல் இருப்பாய். இப்போது பதினோரு பேர் நடுவில் நிற்கிறாய் என்றால் பெரிய விஷயம்தான்.

அப்பா இன்னும் எல்லாரிடமும் என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாரா?

அன்புடன் அண்ணன்


மார்ச் 14

அண்ணாவுக்கு,

உன் முதுகுவலிக்கு அம்மா வெந்நீர் ஒற்றடம் சொல்கிறார். நாங்கள் நலம். அப்பாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். புதிதாக வந்த செக்கிங் இன்ஸ்பெக்டருக்குக்கூட உன் கப்பல் எவ்வளவு நீளம் என்று தெரியும். உன்னை வழியனுப்ப ஸ்டேஷனுக்கு வந்த கூட்டத்தில் தான் இல்லையே என்று அவருக்கு வருத்தமாம்.

எங்கள் கூட்டத்தின் பெரியவர் பெயர் பழைய பல்பு. பகலில் ஏதோ ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர். முதல் விளையாட்டில் ஆளே வைக்கக் கூடாது என்பது அவர் சட்டம். "ஆள் வந்தால் பேச வேண்டும். பேச்சு வந்தால் பின்னாலேயே ஆயிரம் வம்பு வரும். ஒரு வீடு, நாலு கதவு, அதோடு நிறுத்து" என்று எழுதினார். அதனால் நம் வீட்டையே எடுத்துக்கொண்டேன், ஆளில்லாமல். பெயர் "பின்வாசல்". காலையில் ஒருவர் எழுந்து பார்க்கிறார். வீட்டில் யாரும் இல்லை, முன்கதவு வெளியே பூட்டியிருக்கிறது. எப்படியாவது வெளியே போய் வேலைக்குக் கிளம்ப வேண்டும். அவ்வளவுதான்.

பின்கதவை நாம் எப்படித் திறப்போம் என்று உனக்குத் தெரியும். கைப்பிடியை இழுத்தால் வராது, கொஞ்சம் மேலே தூக்கி இழுக்க வேண்டும். அதையே புதிராக வைத்தேன். தரையில் கதவு உரசி அரைவட்டமாக ஒரு தேய்ந்த கோடு இருக்கிறது என்று மட்டும் துப்பு கொடுத்திருக்கிறேன். அது போதுமா என்று தெரியவில்லை.

எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் செய்ததை மற்றவர்கள் விளையாடிப் பார்த்துவிட்டு "தடம்" அனுப்ப வேண்டும். அவர்கள் என்னென்ன தட்டினார்கள், கேம் என்ன பதில் சொன்னது என்று முதலிலிருந்து கடைசிவரை ஒரு வரிகூட விடாமல் அதில் பதிந்திருக்கும். கேமுக்குத் தெரியாத வார்த்தையைத் தட்டினால், "அது எனக்குப் புரியவில்லை" என்று வரும். அந்த வரிகள்தான் முக்கியமாம். "அவங்க மனசுல என்ன இருந்துச்சுன்னு அங்கதான் தெரியும். ஒவ்வொண்ணுக்கும் பதில் எழுதாம அடுத்த பதிப்பு போடாதே" என்கிறார் பல்பு.

நீ இங்கே இருந்திருந்தால் முதல் தடம் உன்னுடையதாக இருந்திருக்கும்.

தங்கை


ஏப்ரல் 27

அண்ணாவுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. கப்பல் வெகுதூரம் போயிருக்கும் என்று அப்பா சொல்கிறார். உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே அனைவரும் நலம்.

"பின்வாசல்" தளத்தில் ஏறிவிட்டது. ஒன்பது தடங்கள் வந்திருக்கின்றன. பல்பு பின்கதவை உதைத்தார், தள்ளினார், கடப்பாரை கேட்டார், கடைசியில் கதவிடம் "தயவுசெய்து" என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். மற்றவர்களும் ஏறக்குறைய அப்படித்தான். தரையைப் பார்த்த பிறகுதான் ஒவ்வொருவராகக் கண்டுபிடித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒன்பதாவது தடம் "கொட்டாவி" என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு புது ஆளுடையது. கூட்டத்தில் அவர் யாரிடமும் பேசியதில்லை. அந்தத் தடத்தை இதில் அப்படியே எழுதுகிறேன்.

எழுந்ததும் அவர் விளக்கைத் தேடவில்லை, தரையைப் பார்க்கவில்லை. நேராகப் பின்பக்கம் போய் முதல் முயற்சியிலேயே, "கதவைத் தூக்கித் திற" என்று தட்டியிருக்கிறார். கதவு திறந்தது. "நீ வெளியே வந்துவிட்டாய். விளையாட்டு முடிந்தது" என்று வந்தது. எல்லாரும் அத்தோடு மூடிவிடுவார்கள். அவர் மூடவில்லை.

உள்ளே போ, என்று தட்டியிருக்கிறார்.
அது எனக்குப் புரியவில்லை.
உள்ளே போ.
அது எனக்குப் புரியவில்லை.
அம்மாவைக் கூப்பிடு.
அது எனக்குப் புரியவில்லை.
அப்பாவிடம் பேசு.
அது எனக்குப் புரியவில்லை.
உள்ளே போ.

கேமை விளையாடிப் பார்க்காமலே அந்தக் கதவைத் தூக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் உலகத்தில் நான்கு பேர். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கம்ப்யூட்டரை ஆன் செய்யத் தெரியாது. நான் தட்டவில்லை. நீ கடலில் இருக்கிறாய்.

இதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. நீ நன்றாக இருந்தால் போதும்.

தங்கை


மே 30

குட்டிக்கு,

சுகம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள். பதில் போட நேரமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே.

இங்கே பெரிய காற்று. அலை ஒவ்வொன்றும் மூன்று மாடி உயரம். தட்டைப் பிடித்தால் டம்ளர் ஓடுகிறது, டம்ளரைப் பிடித்தால் நான் ஓடுகிறேன். இரவில் கட்டிலோடு எங்களைக் கட்டிக்கொண்டு படுக்கிறோம். ஒருநாள் ஒரு பறவை வந்து மேல்தளத்தில் உட்கார்ந்தது. நடுக்கடலில் அது எங்கிருந்து வந்தது என்று எல்லாரும் ஆச்சரியப்பட்டோம். இதையெல்லாம் அப்பாவுக்குப் படித்துக் காட்டு, பிடிக்கும்.

அந்தக் கொட்டாவி விஷயம் ஏதோ குருட்டு அதிர்ஷ்டமாக இருக்கும். கதவென்றால் நாலு பேர் நாலு விதமாகத் திறப்பார்கள். அதைப் போட்டு மனதை அலட்டிக்கொள்ளாதே. மற்றபடி கேம் நன்றாகத்தான் இருக்கும், நீ செய்தது ஆயிற்றே. அம்மாவின் தையல் மிஷினைச் சமையலறைக்குள் வைத்துவிட்டாயே, அதுதான் கொஞ்சம் உறுத்துகிறது. முன்னறை ஜன்னல் வெளிச்சத்தில்தானே அது எப்போதும் இருக்கும்.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அண்ணன்


ஜூன் 18

அண்ணாவுக்கு,

அலையையும் பறவையையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா இரண்டு நாள் பயந்துகொண்டே இருந்தார். இனி மூன்று மாடி அலை வந்தால் ஒரு மாடி என்று எழுது.

தையல் மிஷினை நிஜமாகவே சமையலறைக்கு மாற்றிவிட்டோம். முன்னறையில் என் மேஜையைப் போட இடம் வேண்டியிருந்தது. அதனால் கேமிலும் அங்கேயே வைத்தேன். உனக்கு எப்போது அதைப் பற்றி எழுதினேன் என்று எனக்கு நினைவில்லை. எழுதியிருப்பேன்.

இப்போது இரண்டாம் பதிப்பு செய்துகொண்டிருக்கிறேன். பல்புவின் சட்டத்தை மீறி வீட்டுக்குள் ஆட்களை வைக்கப் போகிறேன். தடத்தில் புரியாமல் போன வரிகளுக்கெல்லாம் பதில் எழுத வேண்டுமே. கதையையும் திருப்பிப் போட்டுவிட்டேன். இதில் விளையாடுகிறவர் வெளியே நின்றுகொண்டு ஆரம்பிக்கிறார். உள்ளே வர வேண்டும்.

அம்மாவுக்குப் பதில் எழுதுவது சுலபமாக இருந்தது. யார் எப்போது கூப்பிட்டாலும் அம்மா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அப்பாவிடம்தான் நின்றுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவர் யூனிஃபார்ம் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தபோது, கேமுக்காக ஒரு விஷயம் கேட்க வேண்டும் என்றேன். ரொம்ப காலம் வீட்டுக்கு வராத ஒருத்தன், வெறும் கையோடு, சொல்லிக்கொள்ள எதுவும் இல்லாமல் வந்து வாசலில் நிற்கிறான். நீங்க என்னப்பா சொல்வீங்க?

அப்பா ஊசியைச் சட்டையிலேயே குத்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கேமுக்குத்தானே என்று கேட்டார். கேமுக்குத்தான் என்றேன். பிறகு ஒன்று சொன்னார்.

அதை அப்படியே கேமில் வைத்திருக்கிறேன். கடிதத்தில் எழுத மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். எந்தத் துறைமுகத்தில் இருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை.

தங்கை


ஜூலை 29

அண்ணாவுக்கு,

நலம். உன் நலமும் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

இரண்டாம் பதிப்பு ஏறியது. பல்பு விளையாடிவிட்டு, சட்டத்தை மீறியதற்குத் திட்ட வந்ததாகவும் திட்ட மறந்துவிட்டதாகவும் எழுதினார். கூட்டத்தில் என்னிடம் இப்போது நிறையப் பேர் பேசுகிறார்கள். நானும் பேசுகிறேன். ஆனால் ஒவ்வொரு தடம் வரும்போதும் முதலில் அனுப்பியவர் பெயரைத்தான் பார்க்கிறேன்.

கொட்டாவியின் தடம் நேற்று வந்தது. பின்வாசல்வரை வந்திருக்கிறார். கதவைத் தூக்கித் திறந்திருக்கிறார். "உள்ளே அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்" என்று கேம் சொல்லியிருக்கிறது. அங்கே "நில்" என்று தட்டியிருக்கிறார். மறுபடி "நில்". பிறகு "வெளியே போ". அதோடு தடம் முடிந்துவிட்டது.

அண்ணா, கடையில் கண் அளக்கும்போது சிலர் என் நெற்றியைப் பார்க்காமல் வேறெங்கோ பார்ப்பார்கள். அளவு தப்பாக வரும். நான் ஒன்றும் சொல்லாமல் காத்திருப்பேன், அவர்களாகவே திரும்பிப் பார்ப்பார்கள். உன் விஷயத்திலும் அப்படியே காத்திருக்கலாம் என்றுதான் நினைத்தேன். என்னால் முடியவில்லை. நீ எங்கே இருக்கிறாய்? கடலைப் பற்றி இனிமேல் எனக்கு எழுதாதே. அந்தப் பதிலையாவது படித்துவிட்டுப் போ. "அப்பாவிடம் பேசு" என்று தட்டினால் போதும்.

நம் வீட்டில் நீ இல்லாத வெற்றிடத்தைத் தாண்டாமல் என்னால் ஓர் அடிகூட நடக்க முடியவில்லை.

தங்கை


ஆகஸ்ட் 25

குட்டிக்கு,

என் நலத்தைப் பற்றி முதல்முறையாக உண்மையை எழுதுகிறேன். உடம்பு நன்றாக இருக்கிறது. மற்றது இல்லை.

தட்டினேன். "அப்பாவிடம் பேசு" என்று தட்டிவிட்டு, பதில் வருவதற்குள் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால், "படியில நிக்காதே, உள்ள ஏறி வா" என்று இருக்கிறது. பஸ்ஸில் சொல்வதுபோலவே. அவர் குரல் கேட்டது, குட்டி. இது நீ எழுதியதில்லை, அவர் சொன்னதுதான் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

நான் கப்பலில் போனது ஒரே ஒரு தடவை. திரும்பி வந்ததும் அடுத்த பயணத்துக்குக் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். கூப்பிடவே இல்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று துறைமுகத்தில் அலைந்தேன். பிறகு ஒரு பார்சல் கிடங்கில் சேர்ந்துவிட்டேன். ஊர் ஊராகப் போக வேண்டிய பெட்டிகளைப் பிரித்துப் போடும் வேலை. ஏஜெண்ட் ஆபீஸ் பியூன் என் நண்பன், உன் கடிதங்களை எனக்காக எடுத்து வைப்பான். வேலை முடிந்ததும் கிடங்குக்கு எதிரில் இருக்கும் கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து உன் கேமை விளையாடுவேன். கடைக்காரர், "என்னப்பா, தினமும் அதே கதவையே திறக்கறே?" என்று கேட்டார்.

நான் இருக்கும் இடத்திலிருந்து காலையில் ரயில் ஏறினால் மாலையில் நம் வீடு. அந்த ரயிலுக்காகப் பலமுறை பிளாட்பாரத்தில் நின்றிருக்கிறேன். நம் ஊரில் இறங்கியதும் யார் முகத்தில் விழிப்பேன் என்று நினைத்துத் திரும்பிவிடுவேன். டிப்போவே வந்து வழியனுப்பியது. டிரைவர் மாமா என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். இப்போது போய் நின்றால் அப்பா அந்தப் படத்தைப் பையிலிருந்து கிழிக்க வேண்டியிருக்கும். நாளைக்கு அத்தனை பேருக்கும் டிக்கெட் கிழித்துக்கொண்டே பதில் சொல்ல வேண்டும். என்னை அவர் மன்னித்துவிடுவார், அது எனக்குத் தெரிகிறது. டிப்போவில் அவரை என்னால் தலைகுனிய வைக்க முடியாது.

அதனால் வரவில்லை. அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல். கேமை மட்டும் எடுத்துவிடாதே.

முகவரி பின்பக்கம் இருக்கிறது. இது உண்மையான முகவரி.

அண்ணன்


செப்டம்பர் 6

அண்ணாவுக்கு,

அனைவரும் நலம். இந்தமுறை வழக்கத்துக்காக எழுதவில்லை, நிஜமாகவே நலம்.

பக்குவமாகச் சொல்லச் சொன்னாய். எனக்கு அது வராது. அம்மாவைச் சமையலறையில் உட்காரவைத்துக் கடிதத்தை அப்படியே படித்தேன். பாதியில் நிமிர்ந்து பார்த்தால் அப்பா கதவோரம் நின்றுகொண்டிருக்கிறார், டூட்டிக்குக் கிளம்பி, தோளில் பையோடு. நிறுத்தினேன். "படி" என்றார். கடைசிவரை படித்தேன். டிப்போவைப் பற்றி நீ எழுதியதையும் விடவில்லை. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அம்மா அழுதார். அழுது முடித்து, கிடங்கில் மதியம் என்ன சாப்பாடு போடுகிறார்கள் என்று உன்னிடம் கேட்கச் சொன்னார்.

பகல் முழுக்கக் கடையில் எனக்கு வேலை ஓடவில்லை. ஒருவருடைய ஃபிரேமை இன்னொருவருக்கு மாட்டிவிட்டேன். "டிகிரி, உனக்கே ஒரு கண்ணாடி போட்டுரலாமா?" என்றார் முதலாளி.

சாயங்காலம் அப்பா வந்தார். முகம் கழுவினார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

"டிப்போவில சொல்லிட்டேன்" என்றார்.

அம்மா கரண்டியோடு வந்து நின்றார். "என்னன்னு சொன்னீங்க?"

"கப்பல்ல லீவு குடுத்திருக்காங்க, பையன் வர்றான்னு. கேன்டீன்ல வச்சு, எல்லாரும் இருக்கும்போது, சத்தமாவே சொல்லிட்டேன். டிரைவர் ஸ்டேஷனுக்கு வர்றேங்கறான். அந்தச் செக்கிங் இன்ஸ்பெக்டர் வேற வர்றாராம். இனிமே இவன் வரலேன்னா எனக்குத்தான் அசிங்கம். எழுது அவனுக்கு."

பொய் சொல்லியிருக்கீங்களேப்பா என்றேன். வாழ்நாளில் ஒரு பயணியைக்கூட டிக்கெட் இல்லாமல் ஏற்றாதவர் அவர். டிக்கெட் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"அவன் மட்டும் பொய் சொன்னா அவன் தனியா நிக்கிற மாதிரி இருக்கும். ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லுவோம். அப்புறமா ரெண்டு பேரும் சேர்ந்தே நிறுத்திக்கலாம். கடல் எப்படி இருந்துச்சுன்னு யாராவது கேட்டா, உப்பா இருந்துச்சுன்னு சொல்லச் சொல்லு."

சொல்லிவிட்டேன் அண்ணா. எந்தக் கிழமை என்று மட்டும் உடனே எழுது. அப்பா அன்றைக்கு டூட்டி மாற்றிக்கொள்ள வேண்டும்.

தங்கை